மண்ணும் பம்பும் இன்றி வளர்ந்த பயிர்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாடித் தோட்டம் பற்றிய ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு வந்தது. மண்ணில்லாமல், நீரில் கரைத்த உரச்சத்துக்களைக் கொண்டே கீரையும் தக்காளியும் வளர்க்கும் முறையை அது விளக்கியது. தேவையான பொருள்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது மின்சாரப் பம்பு. மொழிபெயர்ப்பவனுக்கு மூலத்தைத் திருத்தும் உரிமை இல்லை. ஆகவே உள்ளதை உள்ளவாறே தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆயினும் அந்த முதல் வரி என் மனத்தை விட்டு அகலவில்லை. நாளொன்றுக்குச் சில மணி நேரம் மின்சாரம் நின்றுபோகும் ஊரில் இருப்பவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? பம்பு வாங்கப் பணமில்லாதவர் என்ன செய்வார்? 'இது நமக்கு உரியதன்று' என்று இருவருமே அதை மடித்து வைத்துவிட மாட்டார்களா?

அந்த ஐயத்தோடு இம்முறையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. மண்ணில்லாப் பயிர்முறையின் வரலாற்றில் பம்பு நடுவில் வந்து சேர்ந்த விருந்தாளியே, வீட்டுக்காரர் அன்று. அந்த விருந்தாளி இல்லாமலேயே தோட்டம் போட முடியும் என்பதை விளக்கி, முழு முறையாக வகுத்து, நூலாகவும் எழுதிவைத்த இடம் நம் நாட்டிலேயே, இமயமலைச் சாரலில் இருக்கிறது. அதன் பெயர் காலிம்போங். அங்கு நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, கதையைச் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும்.

செடி எதை உண்டு வளர்கிறது? இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்னும் பெல்ஜிய நாட்டு மருத்துவர் முக்கியமானவர். அவர் 200 ராத்தல் உலர்ந்த மண்ணை நிறுத்துத் தொட்டியில் இட்டு, அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். 5 ஆண்டுகள் வரை தண்ணீர் மட்டுமே ஊற்றினார். முடிவில் மரத்தின் எடை 169 ராத்தலுக்கு மேல் இருந்தது. மண்ணின் எடையிலோ ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின், 1648ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்செய்தி இடம்பெற்றது.

பரிசோதனை நேர்த்தியானது, முடிவு தவறானது. ஹெல்மான்ட் இரண்டு பொருள்களைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒன்று, எடை போட முடியாதது போலத் தோன்றும் காற்று. மரத்தின் உடலிற் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து கட்டப்படுகிறது என்பது பின்னரே தெரியவந்தது. மற்றொன்று, அற்பம் என்று அவர் தள்ளிவிட்ட அந்த 2 அவுன்ஸ். மண்ணில்லாப் பயிர்முறையின் வரலாறு முழுவதையும் இவ்விரண்டின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். 2 அவுன்ஸில் என்ன இருந்தது என்பதை விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகளில் கண்டுபிடித்துவிட்டனர். காற்றின் பங்கை மட்டும், இலையின் அளவில் உணர்ந்தபின்னும், வேரின் அளவில் உலகம் அடிக்கடி மறந்துகொண்டே வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாச் செடிகளை வெவ்வேறு தண்ணீரில் வளர்த்துப் பார்த்து, 1699இல் முடிவுகளை வெளியிட்டார். மழைநீரில் இட்ட செடியைவிடத் தேம்ஸ் ஆற்று நீரில் இட்டது நன்கு வளர்ந்தது; தோட்ட மண்ணைக் கலக்கிய நீரில் இட்டது அதனினும் செழித்தது. எனவே தூய நீர் மட்டும் போதாது, நீரில் கரைந்து வரும் வேறு ஏதோ ஒன்று வேண்டும் என்பது தெளிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் ஆகிய இருவரும், 1860ஆம் ஆண்டை ஒட்டி, அந்த 'ஏதோ ஒன்றை' உப்புகளாகப் பிரித்து எழுதிக் காட்டினர். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், கந்தகம், சிறிதளவு இரும்பு ஆகியவற்றைத் தரும் சில உப்புகளை நீரில் கரைத்துவிட்டால், மண்ணின் வாசனையே அறியாத செடி விதையிலிருந்து முளைத்து மீண்டும் விதை கொடுக்கும். போரான், மாங்கனீஸ், துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம் முதலியனவும் மிக நுண்ணிய அளவில் வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாகத் தெரிந்தது.

ஆய்வுச்சாலையின் கண்ணாடி ஜாடியில் இருந்த இம்முறையை வெளியே கொண்டுவந்தவர், அமெரிக்காவின் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் கெரிக். 1929 முதல் இதைப் பற்றி எழுதத் தொடங்கிய அவர், தொட்டிகளில் 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்து, ஏணி வைத்துப் பழம் பறித்துக் காட்டினார். 1937இல் இம்முறைக்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் முதற்பகுதிக்கு நீர் என்று பொருள்; பிற்பகுதிக்கு உழைப்பு என்று பொருள். நாம் வழக்கமாக இதனை 'மண்ணில்லா வேளாண்மை' என்கிறோம். தமிழ்ச்சொல் இல்லாததைச் சுட்டுகிறது. கிரேக்கச் சொல் உழைப்பதைச் சுட்டுகிறது. நீர் உழைக்கிறதா, மனிதன் உழைக்கிறானா, இயந்திரம் உழைக்கிறதா என்னும் கேள்வி அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, கெரிக் தம் தொட்டியை அமைத்த விதம். ஆழமில்லாத தொட்டியில் உரநீரை நிரப்பி, அதற்கு மேலே கம்பி வலை ஒன்றை விரித்தார். வலையின்மீது வைக்கோல், மரச்சீவல் போன்றவற்றைப் பரப்பி, அதில் செடியை ஊன்றினார். வலைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே சிறிது வெற்றிடம் விட்டார். வேரின் மேற்பாதி அந்த ஈரக் காற்றில் தொங்கியது. கீழ்ப்பாதி நீரில் நனைந்தது. இதற்குப் பம்பு எதுவும் தேவைப்படவில்லை.

வேருக்குக் காற்று எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இலை உணவு தயாரிக்கிறது. வேரோ அந்த உணவை எரித்துத்தான் உயிர் வாழ்கிறது, உப்புகளை உள்ளே இழுக்கிறது. எரிப்பதற்குப் பிராணவாயு வேண்டும். தேங்கிய நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு மிகக் குறைவு. வெயிலில் நீர் சூடேறினால் இன்னும் குறையும். வேர் மூச்சு முட்டிப் பழுப்பேறி அழுகிவிடும். வயலில் வெள்ளம் தேங்கினால் மிளகாய்ச் செடி வாடுவதை நம் விவசாயிகள் அறிவார்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடுகிறதே என்று வியப்பதற்கில்லை. அது தாகத்தினால் அன்று, மூச்சுத் திணறலினால் நேர்வது. நெல்லுக்கு அத்துன்பம் இல்லை; அதன் தண்டினுள் காற்றுக் குழல்கள் அமைந்து, இலை வழியே வந்த காற்றை வேருக்கு இறக்குகின்றன.

கெரிக்கின் உயரமான தக்காளிக் கொடிகளைப் பத்திரிகைகள் கண்டதும், மிகைப்படுத்தல் தொடங்கியது. இனி நிலமே வேண்டாம், வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி போதும் என்றெல்லாம் எழுதினர். அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் என்னும் இருவர், மண்ணிலும் மணலிலும் நீரிலும் தக்காளியை அருகருகே வளர்த்து ஒப்பிட்டனர். நல்ல மண்ணில் கிடைத்ததைவிட நீரில் கிடைத்த மகசூல் பெரிதும் மிகுந்திருக்கவில்லை. 1938இல் இதனை ஓர் எளிய வெளியீடாக அச்சிட்டு மக்களுக்கு அறிவித்தனர். நிலம் இருக்கும் இடத்தில் நிலமே சிறந்தது. நிலம் இல்லாத இடத்தில், அல்லது கெட்டுவிட்ட இடத்தில், இம்முறை கைகொடுக்கும் என்பதே அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். இன்றைக்கும் அது மாறவில்லை.

பம்பு எப்போது வந்தது? 1930களின் நடுவில், அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துப் பர்டியூ சர்வகலாசாலை முதலிய இடங்களில், சரளைக் கற்கள் நிரப்பிய பாத்திகளில் செடி வளர்க்கும் முறை உருவாயிற்று. பாத்திக்குக் கீழே ஒரு தொட்டி. அதிலிருந்து பம்பு உரநீரை மேலே ஏற்றிச் சரளையை மூழ்கடிக்கும். பின்னர் நீர் தானே வடிந்து தொட்டிக்குத் திரும்பும். நீர் ஏறும்போது கற்களுக்கிடையே இருந்த பழைய காற்று வெளியேறும். நீர் இறங்கும்போது புதிய காற்று உள்ளே புகும். செடிக்கு நீர் கொடுப்பது மட்டும் பம்பின் வேலையன்று. வேருக்குச் சுவாசப்பையாக இருப்பதும் அதன் வேலையாயிற்று. பெரிய பண்ணைக்கு இது மிகவும் ஏற்ற ஏற்பாடு. ஆட்கூலி குறைவு, அளவு துல்லியம்.

அடுத்து யுத்தம் வந்தது. தென் அட்லாண்டிக் கடலில் எரிமலைச் சாம்பல் மூடிய அசென்ஷன் தீவில், 1945இல், அமெரிக்க இராணுவம் இத்தகைய சரளைத் தோட்டம் அமைத்துத் தன் படைவீரர்களுக்குப் பச்சைக் காய்கறி விளைவித்தது. யுத்தம் முடிந்தபின் 1946இல், ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகில் உள்ள சோஃபு என்னும் இடத்தில் ஏறத்தாழ 55 ஏக்கர் பரப்பில் பெருந்தோட்டம் எழுந்தது. இராணுவத்திடம் சிமெண்டு இருந்தது, இயந்திரம் இருந்தது, எண்ணெய் இருந்தது, பணம் கணக்கின்றி இருந்தது. மண்ணில்லாப் பயிர் என்றாலே சிமெண்டுப் பாத்தி, குழாய், பம்பு என்னும் எண்ணம் இவ்வாறுதான் நிலைபெற்றது.

சோஃபுத் தோட்டம் எழுந்த அதே 1946ஆம் ஆண்டில், நம் வங்காளம் எந்நிலையில் இருந்தது? 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் மாண்டவர் 15 லட்சம் என்று 1945இல் அறிக்கை அளித்த விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது; பின்வந்த ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை கணக்கிட்டனர். மாகாணம் இரண்டாகப் பிரிவதற்கு இன்னும் ஓராண்டே இருந்தது. மின்சாரமோ, 1947ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்குமே ஏறத்தாழ 1,360 மெகாவாட் அளவுக்குத்தான் இருந்தது. மின்விளக்கு எரிந்த கிராமங்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. பம்பைப் பட்டியலின் முதலில் வைக்கும் எந்தத் திட்டமும் அன்றைய கிராமங்களின் வாசலைக் கூடத் தாண்டியிருக்காது.

இந்தப் பின்னணியில், 1946 மே மாதத்தில், அன்று டார்ஜிலிங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலிம்போங்கில், வங்காள அரசாங்கத்தின் பரிசோதனைப் பண்ணையில் மண்ணில்லாப் பயிர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 2017 முதல் காலிம்போங் தனி மாவட்டமாக இருக்கிறது. டீஸ்டா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ள ஊர் அது. சரிவான நிலம், பருவமழை கொட்டும் இடம். ஆராய்ச்சியை நடத்தியவர் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழங்கிய முறைகளை அவர் முதலில் ஆராய்ந்தார். விலையுயர்ந்த சாதனங்கள் நிறைந்த அம்முறைகள் இந்நாட்டுப் பொதுமக்களுக்கு உதவமாட்டா என்று கண்டார். சிக்கலான கருவிகள் அனைத்தையும் களைந்துவிட்டு, குறைந்த செலவில், எவரும் செய்யத்தக்க வழியைக் காண்பதே குறிக்கோள் என்று வகுத்துக்கொண்டார். 1946, 1947 ஆகிய இரு ஆண்டுகளில் அவ்வாறு உருவானதே 'வங்காள முறை' என்று பெயர்பெற்றது.

அம்முறை என்ன? ஆழமில்லாத பெட்டி அல்லது பாத்தி. அடியில் நீர் வடிய ஓட்டைகள். அதில் சிறு கற்சில்லுகள் பெரும்பங்கும், மணல் அல்லது கல்தூள் சிறுபங்கும் கலந்த கலவை. செடிகளை வரிசையாக நட்டு, வரிசைகளுக்கிடையே உரக்கலவையைப் பொடியாகவே தூவ வேண்டும்; பிறகு பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான். உரத்தை நீரில் கரைத்துச் சேமித்துவைக்கும் தொட்டியும் இல்லை. அதை ஏற்றி இறக்கும் குழாயும் இல்லை. தெளிக்கும் நீரே உரத்தைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோகிறது.

பார்வைக்கு மிக எளிது. ஆனால் அதனுள் இருக்கும் சிந்தனை ஆழமானது. கற்சில்லு மட்டும் இருந்தால் காற்று தாராளமாகப் புகும். ஈரம் தங்காது, ஆகவே மணிக்கொருமுறை பம்பு நீர் ஏற்ற வேண்டும். மணல் மட்டும் இருந்தால் ஈரம் தங்கும். ஆனால் நெருக்கமாகப் படிந்து காற்றைத் தடுக்கும். இரண்டையும் தக்க அளவில் கலந்தால், மணல் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கல் இடைவெளியைக் காத்து நிற்கிறது. பம்பு மாற்றி மாற்றிச் செய்த இரண்டு வேலைகளையும் இந்தக் கலவை ஒரே நேரத்தில், ஓசையின்றிச் செய்துவிடுகிறது. பர்டியூவில் இயந்திரம் செய்த உழைப்பைக் காலிம்போங்கில் கல்லும் மணலும் பகிர்ந்துகொண்டன.

உரத்தைப் பொடியாக இட்டதற்கும் தக்க காரணங்கள் உண்டு. கரைசலை ஆயிரக்கணக்கான காலன் கணக்கில் தயாரிக்கும் இடத்தில் அளவு தவறினால் தோட்டம் முழுவதும் கெடும். சிறிய பாத்தியில் கைப்பிடிக் கணக்காக இடும்போது தவறு அந்தப் பாத்தியோடு நின்றுவிடும். பருவமழை ஒரே நாளில் உரத்தை அடித்துக்கொண்டு போனாலும், மழை நின்றபின் மீண்டும் சிறிது தூவினால் போதும். உயர்தர இரசாயன உப்புகளுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட் போன்ற சாதாரண உரங்களையே பயன்படுத்தலாம். அவற்றில் கலப்பாக இருக்கும் அயற்பொருள்கள், செடிக்கு வேண்டிய நுண்சத்துக்களிற் சிலவற்றைத் தற்செயலாகவே தந்துவிடும். ஆய்வுச்சாலையில் குறை என்று கருதப்படும் கலப்பு, தோட்டத்தில் உதவியாக மாறியது.

டக்ளஸ் 1951இல் இம்முறையை நூலாக எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் அதனை வெளியிட்டது. அடுத்த கால் நூற்றாண்டில் அது பல பதிப்புகள் கண்டது. ஒரு மாகாணத்தின் பெயர், உலகின் தோட்டக்கலை நூல்களில் ஒரு முறைக்குப் பெயராக நிலைத்தது.

இவ்வளவு பொருத்தமான முறை நம் ஊர்தோறும் ஏன் பரவவில்லை என்னும் வினா எழுவது இயற்கை. நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால், பம்பு தேவையில்லை என்பதால் எதுவுமே தேவையில்லை என்று ஆகிவிடாது. உரம் வேண்டும். நாட்டின் பெரிய உரத் தொழிற்சாலையான சிந்திரி உற்பத்தியைத் தொடங்கியதே, அந்நூல் வெளிவந்த 1951ஆம் ஆண்டில்தான். கிடைத்த உரம் நெல்லுக்கும் கோதுமைக்கும் கரும்புக்குமே போதாதிருந்த காலத்தில், கற்பாத்திக்கு யார் கொடுப்பார்கள்? மேலும், தானியத்தை இம்முறையில் விளைவித்து ஒரு நாட்டின் பசியைத் தீர்க்க முடியாது. 1960களின் பிற்பாதியில் புதிய விதைகள் வந்தபோது, நாட்டின் கவனம் முழுவதும் வயல்மண்ணின்பாற் சென்றது முற்றிலும் நியாயமே. பஞ்சத்துக்கு மருந்து அரிசி. கற்பாத்தி தரக்கூடியது கீரையும் தக்காளியும்தான்.

மற்றொரு செலவும் உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் ஏறாதது. பம்பு இல்லாத இடத்தில் நாள்தோறும் தண்ணீர் தெளிப்பது ஒரு கை. கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ அத்தண்ணீரைச் சுமந்து வருவதும் ஒரு தோள். பெரும்பாலான வீடுகளில் அவை பெண்களின் கையும் தோளுமே. நீருழைப்பு என்னும் கிரேக்கச் சொல்லின் முழுப்பொருள் இங்கேதான் விளங்குகிறது. இயந்திரத்தை நீக்கினால் உழைப்பு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. ஆகையால், எளிய முறை என்று எதையாவது புகழும் முன், அந்த எளிமையை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நூலும் பெயரும் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, மண்தரையை விட்டு விலகிப் பயிர் செய்தவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். காஷ்மீரத்துத் தால் ஏரியில் மிதக்கும் தோட்டங்கள் அதற்குச் சான்று. நாணலும் நீர்க்கொடிகளும் பின்னிய படுகையை நீளமான கீற்றாக அறுத்து, ஏரிமீது மிதக்கவிட்டு, அதன்மேல் ஏரிப்பாசியையும் சேற்றையும் குவித்து, வெள்ளரியும் முலாம்பழமும் வளர்ப்பார்கள். அக்கீற்றுகளைப் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். 1895இல் வெளியான காஷ்மீரப் பள்ளத்தாக்கு பற்றிய தம் நூலில் வால்டர் லாரன்ஸ் இத்தோட்டங்களை வருணித்து, அவை திருட்டுப் போவதையும் குறித்திருக்கிறார். நிலத்தையே திருடிச் செல்லக்கூடிய ஊர் வேறு எங்கே உண்டு!

வங்காளத்தின் தாழ்நிலத்திலும் இத்தகைய மரபு உண்டு. இன்று வங்கதேசத்தைச் சேர்ந்த கோபால்கஞ்ச், பிரோஜ்பூர், பாரிசால் பகுதிகளில், வெள்ளம் வயல்களை மாதக்கணக்கில் மூடியிருக்கும்போது, ஆகாயத் தாமரையை அடுக்கடுக்காகச் சேர்த்து மிதவைப் பாத்தி கட்டி, அதன்மேல் நாற்றும் காய்கறியும் வளர்க்கிறார்கள். ஆகாயத் தாமரை வெளிநாட்டிலிருந்து வந்து ஆறுகளையும் வாய்க்கால்களையும் அடைத்த களை. அதை அழிப்பதற்கென்று வங்காள மாகாணம் 1936இல் சட்டமே இயற்றியது. சட்டம் வெல்ல முடியாத களையைக் குடியானவர் பாத்தியாக மாற்றிக்கொண்டார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம், 2015இல் இம்மரபை உலக வேளாண் பாரம்பரியங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. இவற்றிலும் பம்பு இல்லை. பாத்தியின் உடல் நீருக்கு மேலே நிற்பதால், வேருக்கு மேலே காற்றும் கீழே நீரும் தாமே கிடைக்கின்றன. கெரிக் கம்பி வலையால் செய்ததைக் குடியானவர் களைச்செடியால் செய்தார்.

இதற்கிடையே மேல்நாட்டில் பம்பின் செல்வாக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் என்பவர் வகுத்து 1970களில் பரவிய மென்படல முறையில், சரளையும் இல்லை. சரிவான வாய்க்காலில் உரநீர் மெல்லிய ஏடுபோல இடைவிடாது ஓடும். நீர் மெல்லியதாக இருப்பதால் வேருக்குக் காற்று நன்கு கிடைக்கும். ஆனால் ஓட்டம் நின்றால் வேரைச் சுற்றி ஈரம் தேக்கிவைக்க எதுவுமில்லை. கோடை வெயிலில் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே செடிகள் துவண்டுவிடும். எனக்கு வந்த துண்டுப் பிரசுரம் விளக்கியதும் இவ்வழியில் வந்த முறையையே. மின்சாரம் தடையின்றி வரும் நாட்டில் பிறந்த முறை, அது தடைப்படும் ஊருக்கு அப்படியே பெயர்த்து நடப்படுகிறது. மொழிபெயர்ப்பாளன் அறிவான்: சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடுவதுண்டு. தொழிலுக்கும் அது பொருந்தும்.

பம்பைத் தவிர்க்கும் எண்ணம் பிற நாடுகளில் மீண்டும் துளிர்த்தது 1980களில். தென் அமெரிக்காவில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் ஜெருசலேம் என்னும் ஏழைக் குடியிருப்பில், மரப்பெட்டியில் பிளாஸ்டிக் தாள் விரித்துக் காய்கறி வளர்க்கும் முறையைப் பரப்பினர். கரைசலில் வேர் தொங்கும் பெட்டிகளில், நாளைக்கு இருமுறை கையால் நீரைக் கலக்கிவிடுவார்கள். அக்கலக்கலில் காற்று நீரோடு சேரும். கையே அங்கே பம்பு. அதே காலத்தில் தைவானில் உள்ள ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையத்தில் இமாய் என்பவரும், ஹவாய்ச் சர்வகலாசாலையில் பெர்னார்ட் கிராட்கி என்பவரும், நீரைக் கலக்கவும் வேண்டாத ஒரு வழியை ஆராய்ந்தனர்.

கிராட்கியின் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மூடியுள்ள பாத்திரத்தில் உரநீரை ஒரே ஒருமுறை நிரப்ப வேண்டும். மூடியிலுள்ள துளையில் செடியை நிறுத்தினால், வேரின் நுனி நீரைத் தொடும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மூடிக்கும் நீருக்கும் நடுவே ஈரக் காற்று நிறைந்த இடம் தானே உண்டாகும். அவ்விடத்தில் வேர் கிளைத்துக் காற்றை உறிஞ்சும். நுனி வேர் நீரை உறிஞ்சும். லெட்டூஸ் கீரை ஒன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் கரைசல் போதும். நீர் தீரும் தறுவாயில் கீரை அறுவடைக்கு வந்துவிடும். செடி தன் தாகத்தினாலேயே தன் மூச்சுக்கு இடம் செய்துகொள்கிறது. 2009இல் அவர் இவ்வழியின் மூன்று வகைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

இதிலும் எச்சரிக்கைகள் உண்டு. பாதி குறைந்த பாத்திரத்தை இரக்கப்பட்டு மீண்டும் விளிம்புவரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கிச் செடி மடியும். வெளிச்சம் புகுந்தால் பாசி படரும். மூடி சரியாக இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்; நம் ஊர்களில் இது சிறிய விஷயமன்று. பல மாதம் காய்க்கும் பெரிய செடிகளுக்கு நீரும் மிகுதி, கவனமும் மிகுதி. ஆயினும், ஒரு வீட்டின் சமையலுக்குக் கீரை தருவதற்கு இம்முறையில் கூரைக்கடியில் ஒரு வெளிச்சமான மூலையும், ஒளி புகாத ஒரு பாத்திரமும், அளவறிந்து கரைத்த உரமும் போதும்.

கெரிக்கின் கம்பி வலை, காலிம்போங்கின் கற்கலவை, தால் ஏரியின் நாணற்கீற்று, வங்கதேசத்தின் ஆகாயத் தாமரை மெத்தை, பொகோட்டாவின் கை, ஹவாயின் இறங்கும் நீர்மட்டம் ஆகிய இவை அனைத்தும் ஒரே வினாவுக்கு வெவ்வேறு ஊர்கள் கூறிய விடைகள். வேருக்கு ஒரே நேரத்தில் நீரும் காற்றும் கொடுப்பது எப்படி என்பதே அவ்வினா. பம்பும் அதற்கு ஒரு விடை. சில இடங்களில் மிக நல்ல விடை. ஆனால் வினாவை மறந்து, ஒரு விடையை மட்டும் பட்டியலின் முதல் வரியாக எழுதிவிட்டால், அந்த விடையை விலைக்கு வாங்க இயலாதவர் வினாவையே கேட்காமல் போய்விடுகிறார். ஹெல்மான்ட் காற்றை மறந்தார்; அதனால் அவர் தம் முடிவில் மட்டுமே தவறினார். நாம் மறந்தால், தோட்டம் போடக்கூடிய ஒருவர் போடாமல் இருந்துவிடுவார்.

அடுத்த முறை அத்தகைய பிரசுரம் ஒன்று என் மேசைக்கு வருமானால், அப்போதும் உள்ளதை உள்ளவாறே மொழிபெயர்த்துக் கொடுப்பேன்; அது என் கடமை. ஆனால் அதனோடு ஒரு குறிப்புத் தாளையும் இணைத்து அனுப்புவதாக இருக்கிறேன். மின்சாரமில்லாத வீட்டாருக்கு வேறு வழி உண்டு, அது நம் நாட்டிலேயே 1946இல் காணப்பட்டது என்று அதில் எழுதுவேன். அதிகாரிகள் அதை அச்சில் சேர்த்தாலும் சேர்க்கலாம், விட்டாலும் விடலாம். இன்று இதைக் கேட்ட நேயர்களுக்கு அச்செய்தி தெரிந்துவிட்டது.